பூச்சி அரித்த மீன்கள்

கென்ஷெங்குக்கு வலது மணிக்கட்டு வலித்தது. காலையில் எழுந்து விரல்களை மடக்கிப் பார்த்தான். சுண்டுவிரல் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. மெருகு முக்குகிறவனுக்கு வருகிற வலி இது. சுடாத பச்சை மண் தட்டை அடியில் பிடித்து, வெந்தபின் கண்ணாடியாய்ப் பளபளக்கிற மெருகுக் குழம்புத் தொட்டியில் முக்கித் தூக்கி, விளிம்பில் தேங்குகிற துளி போகும்படி ஒரு உதறு உதற வேண்டும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அந்த உதறல்தான் வேலை. கோடையில் குழம்பு கைக்கு இதமாக இருக்கும். பத்தாம் மாதத்தில் ஆற்றுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்த குழம்பு எலும்புவரை போய்த் தங்கிவிடும்.

அவன் மனைவி மெய்யுன் உமியை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்து அவன் கையில் வைத்துக் கட்டினாள்.

"இன்னைக்கு ஒரு நாளு தொட்டிப் பக்கம் போகாதய்யா."

"நான் போகலேன்னா தொட்டி வீட்டுக்கு வந்து கூப்பிடுமா?"

"தொட்டி கூப்பிடாது. தரகர் கூப்பிடுவாரு."

அவன் கஞ்சியைக் குடித்தான். உப்பில் ஊறிய கடுகுக் கீரை தொட்டுக்கொள்ள இருந்தது. முந்தின நாள் அரிசி அடை ஒன்று மிச்சம் இருந்ததை அவள் பன்றிக்கொழுப்பில் வாட்டி, பெரிய பாதியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதைச் சின்னப் பாதிக்கு மாற்றிவிட்டு எழுந்தான்.

ஜிங்தெஜென்னில் எங்கள் தெரு சாங் ஆற்றுக்கு இறங்குகிற தெரு. மேலே சூளைகள், நடுவில் கொட்டகைகள், கீழே கரையில் சில்லு மேடு. சூளையில் கெட்டுப்போனதெல்லாம் அந்த மேட்டுக்குத்தான் வரும். விறகுப் படகுகள் வந்து நிற்கிற காலத்தில் தெரு முழுக்கப் பைன் பிசின் நாறும். பெரிய அரசர் செத்து அரசாங்கச் சூளை மூடியபிறகு, அரண்மனைக்கு வேலை செய்த ஆட்கள் எங்கள் கொட்டகை வாசல்களில் வந்து நின்று பாதிக் கூலிக்கு வேலை கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்த வித்தைக்கு எங்கள் கிண்ணங்கள் கூசும். இருந்தாலும் பசி யாருக்கும் ஒன்றுதானே.

கென்ஷெங்கும் மெய்யுன்னும் சாங் ஆறு போய் விழுகிற ஏரிக்கு அந்தப் பக்கம், துச்சாங்கிலிருந்து வந்தவர்கள். ஊரில் அவர்களுக்கு நிலமும் இல்லை, வலையும் இல்லை. அவர்கள் வேலை செய்கிற கொட்டகை, தரகர் ஹூவுடையது. அவர் கேட்கிற சாமானை அவருக்குச் செய்து தரும்வரை கொட்டகை இவர்களுக்கு. அதுதான் பேச்சு.

அந்த வசந்தத்தில் ஹூ ஒரு மர மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன். வால் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கண் ஒரு பக்கம் மட்டும். ஜப்பானில் தேத்தண்ணி குடிக்கிற பெரிய மனிதர்கள் கேட்டார்களாம். ஃபூஜியன் கப்பல்காரன் வழியாக வந்ததாம். கென்ஷெங் அச்சு எடுத்து மீன் தட்டுகள் செய்தான். மெய்யுன் நீல மையில் செதிலும் துடுப்பும் போட்டாள். அந்த வருஷம் மண்காரன் தந்தது புது மண், அவர்களுக்குப் பழக்கமில்லை. தட்டுகள் அடுப்படியில் அளவுக்கு மேல் காய்ந்துபோயின. தொட்டியில் குழம்பு அடி தட்டித் தடித்திருந்தது. எல்லாம் சேர்ந்து, சூளையிலிருந்து வெளியே வந்தபோது மீன்களின் விளிம்பிலெல்லாம் மெருகு பொரிந்து உதிர்ந்து, உள்மண் தெரிந்தது. பூச்சி அரித்த இலை மாதிரி.

சூளை திறக்கிற அன்று தெருவே வந்து நிற்கும். எல்லோரும் பார்த்தார்கள். "கென்ஷெங் மீனைச் சுட்டானா, எலிக்கு வெச்சானா?" என்று ஒருத்தன் கேட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் எலிகடித்தான். மண் சுமக்கிறவன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் பக்கத்துக் கொட்டகை பெங் தாகுய். அவரும் துச்சாங்காரர்தான். கிராமத்துச் சனங்களுக்கு நீல வளையம் போட்ட சோற்றுக் கிண்ணம் செய்கிறவர். சாராயக்கடையில் எவனோ "எலிகடித்தான்" என்றபோது பெங் அவன் தலையில் சாராயத்தைக் கவிழ்த்துவிட்டு, அதற்கும் தானே காசு கொடுத்தவர்.

ஹூ அந்த மீன்களை ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். இரக்கப்பட்டு எடுத்தார் என்றுதான் இவர்கள் நினைத்தார்கள். ஒன்பதாம் மாதம் திரும்பி வந்தார். நல்ல பருத்தி அங்கி, கையில் குடை, செருப்பில் சேறு ஒட்டாத நடை. கொட்டகையில் கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"அதே மீன் வேணும். போன தடவையவிட ரெண்டு பங்கு."

"இந்தத் தடவை சுத்தமா செஞ்சு தர்றேன் முதலாளி," என்றான் கென்ஷெங். "அப்ப மண்ணு புதுசு. குழம்பும்…"

"சுத்தமா வேணாம்."

"என்ன முதலாளி?"

"அரிச்சது வேணும். ஓரமெல்லாம் பூச்சி அரிச்ச மாதிரி இருந்துச்சில்ல? அது வேணும். அரிக்காதத கப்பல்காரன் வாங்க மாட்டான்."

கென்ஷெங் மெய்யுன்னைப் பார்த்தான். அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"கிண்டல் பண்றீங்களா முதலாளி?" என்றான் கென்ஷெங்.

"நான் எதுக்கு இவ்வளவு தூரம் சேத்துல நடந்து வந்து கிண்டல் பண்ணணும்? அவங்க அப்படித்தான். ஒரு சின்னக் குடிசை கட்டுறாங்க. கோழிக்கூட்டு வாசல் மாதிரி வாசல். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தவழ்ந்துதான் உள்ள போகணும். போயி, ஒரே கிண்ணத்துல ஆள் மாத்தி ஆள் தேத்தண்ணி குடிச்சுட்டு, கிண்ணத்தத் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க."

"வெறும் தேத்தண்ணிதானா? பசிக்காதா?"

"சோறும் உண்டு. ஒரு வாய். அதுக்குத்தான் உன் மீனு. ஆளுக்கு ஒண்ணு. அஞ்சு அஞ்சா ஒரு கட்டு."

"அதென்ன அஞ்சு? மேசைக்கு எட்டுப் பேரு உக்கார மாட்டாங்களா?"

"மேசையே கிடையாது. தரைதான்."

மெய்யுன் சொன்னாள்: "தரையில உக்காந்து எலி கடிச்ச தட்டுல ஒரு வாய் சோறு திங்கிறதுக்கு எதுக்கு முதலாளி கடல் தாண்டி ஆள் அனுப்புறாங்க? நம்ம தெருவுக்கு வந்தா போதுமே. தெனமும் அதான நடக்குது."

ஹூ சிரித்துவிட்டார். வயிறு குலுங்கக் குடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இத வெளிய சொல்லாதீங்க. தெரிஞ்சா நாளைக்கே தெரு முழுக்க அரிக்க ஆரம்பிச்சுரும். ஆத்துல தண்ணி வத்துறதுக்குள்ள படகு ஏரியத் தாண்டணும். இந்த வருஷம் மீனு வரலேன்னா கொட்டகைய வேற ஆளுக்குத்தான் விடணும். அரசாங்கச் சூளை ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல. நானும் ஒருத்தனுக்குப் பதில் சொல்லணும்."

அவர் போனபிறகு கென்ஷெங் வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு வயசுல இருந்து முக்குறேன்," என்றான். "என் விளிம்பப் பாத்து யாராச்சும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கானா?"

"இப்பச் சொல்லிட்டாங்கல்ல."

"கெட்டதுக்கு."

"சொல்லிட்டாங்கல்ல," என்றாள் அவள் மறுபடியும்.

தவறைத் தெரிந்து செய்வது சுலபம் என்று இருவரும் நினைத்தார்கள். தட்டுகளை அடுப்படியில் காயவிட்டார்கள். குழம்பைக் கலக்காமல் அடியில் தடித்ததை எடுத்தார்கள். கென்ஷெங் முக்கினான், தூக்கினான், உதறினான். விளிம்பில் துளி நிற்கவில்லை.

"கைய ஆட்டாதய்யா," என்றாள் மெய்யுன்.

"ஆட்டலையே."

"இப்ப ஆட்டுன."

அடுத்ததை முக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். கை தன்பாட்டில் உதறியது. வலித்தது, ஆனாலும் உதறியது. அவன் இடதுகையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முக்கிப் பார்த்தான். அப்படிப் பிடித்தால் தட்டு நழுவுகிறது. ஒன்று தொட்டிக்குள் விழுந்து கரைந்தே போனது. அவன் ஊரில் செத்துப்போன யாரையோ திட்டினான்.

"தள்ளு," என்றாள் அவள்.

பெண்கள் நீலம் போடுவார்கள், துடைப்பார்கள், அடுக்குவார்கள். தொட்டியில் கை விடுவதில்லை. மெய்யுன் அங்கி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு உதறத் தெரியாது. முக்கித் தூக்கினால் விளிம்பில் குழம்பு கெட்டியாக மாலை போட்டு நின்றது. கென்ஷெங் அதைப் பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"கண்றாவியா இருக்கு."

"அப்ப சரி."

அந்த வாரம் முழுக்க அவள் முக்கினாள். அவன் தட்டுகளின் அடிக்காலைச் சுரண்டி மண்பெட்டிக்குள் வைத்து அடுக்கினான். நெருப்பு நேராகப் படாமல் இருக்க ஒவ்வொரு சாமானும் ஒரு மண்பெட்டிக்குள் போகும்; பெட்டிமேல் பெட்டியாகச் சூளைக்குள் தூண் மாதிரி நிற்கும். அதைத்தான் அடுக்கு என்கிறோம். சூளை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் நீலம் கருத்துவிடும். பின்னால் புகைபோக்கிப் பக்கம் வைத்தால் சாம்பல் பூத்துவிடும். நடு இடம்தான் இடம். நடு இடம் காசுக்குக் கிடைக்காது. சூளையை ஒரு தடவை மூட்டி வேகவைப்பது ஒரு சூடு. காலங்காலமாகச் சூளையில் வைக்கிறவர்களுக்கு ஒரு சூடு விட்டு ஒரு சூடு முறை வைத்துக் கிடைக்கும். கென்ஷெங்குக்கு நடுவில் ஆறு அடுக்கு. அவன் முறை இல்லாத சூட்டில் அதே ஆறு அடுக்கு பெங்குக்கு.

மீன்கள் சூளைக்குள் போன இரண்டாம் நாள் கென்ஷெங்குக்குக் காய்ச்சல் வந்தது. ஈரத்திலும் குளிரிலும் கிடந்த உடம்பு. பல் அடித்துக்கொண்டது. சூளை திறக்கிற அன்று எழுந்து நின்று பார்த்தான். சுவர் அவனை நோக்கி வந்தது. திறக்கிற அன்று சூளை வாய்ப் பக்கம் பெண்கள் போகக்கூடாது. அதனால் பெங் வந்தார்.

"நீ படு. உன் பெட்டிய நான் எறக்குறேன். என் தம்பி சாமான எறக்க மாட்டேனா?"

"அண்ணே, பத்திரமா…"

"எனக்குச் சொல்லித் தர்றியா? படுடா."

சொல்ல வேண்டிய வார்த்தை அப்போது கென்ஷெங் வாயில் இருந்தது. மெய்யுன் வாயிலும் இருந்தது. ஹூ சொல்லக்கூடாது என்றிருந்தார். அதைவிட, ஊர் சிரித்த சாமானைத் தெரிந்தே மறுபடி செய்திருக்கிறோம் என்று தங்களுக்காகச் சண்டை போட்ட ஆளிடம் எப்படிச் சொல்வது? பெங் ஈரத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மெய்யுன் மத்தியானக் கஞ்சி வைத்து முடிப்பதற்குள் திரும்பி வந்தார். புருவத்தில் சாம்பல். தோளில் ஒரு சின்னக் கூடை. முகம் நிறையச் சந்தோஷம்.

"தூங்குறானா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"ஆமாண்ணே."

"எழுப்பாத தங்கச்சி. எல்லாம் முடிச்சுட்டேன். ஒருத்தன் கண்ணுலயும் படல."

"எது அண்ணே?"

"மேல் பெட்டியத் தொறந்ததுமே பாத்துட்டேன். அதே சீக்கு. போன தடவையவிட மோசம். ஓரம் பூரா கொறிச்சு வெச்சிருக்கு. இன்னொரு தடவை தெரு பாத்தா இவன் தலை தூக்க முடியாதுன்னு, கோணிய மேல போட்டு, காலிப் பெட்டியத் தூக்குறவன் மாதிரி நடை நடையா ஆத்தங்கரைக்குக் கொண்டுபோயிட்டேன்."

"போயி?"

"ஒடச்சுட்டேன். சும்மா போட்டா எவனாச்சும் பொறுக்கிட்டு வந்து கடையில காட்டுவான். அதான் கல்ல எடுத்து ஒண்ணொண்ணா, மீனுன்னே தெரியாம. கையி காந்துது." உள்ளங்கையைக் காட்டினார். வெட்டுப்பட்டு ரத்தம் உறைந்திருந்தது. "நாலு மட்டும் நல்லபடியா வந்திருக்கு. விளிம்பு பளிச்சுனு. இத தரகர்கிட்டக் காட்டச் சொல்லு. இவன் கையி கெட்டுப்போகலன்னு தெரியட்டும்."

கூடையைத் திறந்தார். வைக்கோலுக்குள் நான்கு மீன்கள், குறையே இல்லாமல், கென்ஷெங் முதலில் முக்கியவை.

மெய்யுன் அந்த நான்கையும் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"கஞ்சி குடிக்கிறீங்களா அண்ணே?"

"குடு. ராத்திரியே சாப்பிடல."

இரண்டு கிண்ணம் குடித்தார். கீரை நன்றாக ஊறியிருக்கிறது என்றார். அவள் எண்ணெய்த் துணி கிழித்து அவர் கையில் கட்டினாள். அவர் போனபிறகு சில்லு மேட்டுக்கு இறங்கிப் போனாள். பெங் சொன்னது பொய்யில்லை. வேலை தெரிந்தவர் உடைத்தது. ஒரு வால், அரைக் கண், இரண்டு விரல் அகலத்தில் செதில். பொறுக்கிப் பயனில்லை. ஆற்றில் முகம் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

கென்ஷெங் விழித்திருந்தான். சொன்னாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எல்லாமா?"

"நாலு இருக்கு. உன் கை உதறுனது."

"அண்ணன எதாச்சும் சொன்னியா?"

"கஞ்சி குடுத்தேன்."

அவன் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னான்: "வேற எவனாச்சும் போயிருந்தா ஒடச்சிருக்க மாட்டான். தெருவக் கூட்டிக் காட்டியிருப்பான். மீனாச்சும் தப்பிச்சிருக்கும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

ஹூ மறுநாளே வந்தார். நான்கு மீன்களையும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். கோபப்படவில்லை. அந்த மனிதர் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை; அதுதான் அவரிடம் பயம்.

"உறைபனிக்கு முன்னால இன்னும் ஒரு சூடு இருக்குல்ல?"

"இருக்கு முதலாளி. பச்சைத் தட்டும் மிச்சம் இருக்கு, கூடுதலாத்தான் அடிச்சோம். ஆனா அது எங்க முறை இல்ல," என்றாள் மெய்யுன்.

"அது உங்க பாடு. படகு அதுவரைக்கும் நிக்கும். அதுக்கு மேல ஆறு நிக்க விடாது."

மெய்யுன் சூளைக்காரர் ஜியாங்கிடம் ஆள் விட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஜியாங் கிழவர் பார்வைத் துளைவழியே நெருப்புக்குள் துப்பி, எச்சில் எப்படிக் குதிக்கிறது என்று பார்த்தே சூட்டைச் சொல்கிறவர். வாய் முழுக்க அந்தக் கர்வம். "கடைசிச் சூட்டுல ஒரு பெட்டி வைக்க இடம் கிடையாது. அதுவும் அந்த மீனா? வெளிய வந்ததும் என் நெருப்பத்தான் குத்தம் சொல்லுவான்" என்று பதில் வந்தது.

அன்று மாலை மெய்யுன் பக்கத்துக் கொட்டகைக்குப் போனாள். பெங் கிண்ணங்களுக்கு வளையம் போட்டுக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையில் தூரிகை. அவர் மனைவி ஃபாங் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மெய்யுன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், கோழிக்கூட்டு வாசல்வரை.

பெங் சக்கரத்தை நிறுத்தினார்.

"அரிச்சதக் காசு குடுத்து வாங்குறானா?"

"ஆமாண்ணே."

"அரிக்காதது வேணாங்கிறானா?"

"ஆமா."

"மூளை சரியில்லாதவனா?"

"எங்களுக்கும் தெரியல."

பெங் தன் கிண்ணம் ஒன்றைத் தூக்கி விளிம்பைப் பார்த்தார். சுத்தமான விளிம்பு. கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"முதலாளி சொல்லக்கூடாதுன்னாரு."

"அவரு சொன்னாரு, சரி. அவரு ஹுயிஜோவ்காரரு. நீ துச்சாங்காரிதான? நான் என்ன, தெருவுல தமுக்கா அடிப்பேன்?"

மெய்யுன் அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"வெக்கமா இருந்துச்சுண்ணே. எங்களுக்காக நீங்க ஒருத்தன் தலையில சாராயத்த ஊத்துனீங்க. அந்த எலிய நாங்களே வளக்குறோம்னு எப்படிச் சொல்றது?"

பெங் தலையைக் குனிந்து கையின் கட்டைப் பார்த்தார். வெளியே எவனோ பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வழி வழி என்று கத்திக்கொண்டு போனான்.

"என் ஆறு அடுக்க எடுத்துக்க," என்றார்.

ஃபாங் திரும்பினாள். "அப்ப நம்ம கிண்ணம்?"

"வசந்தத்துல வேகட்டும்."

"பச்சைக் கிண்ணம் உறைபனியத் தாங்குமா? புத்தி இருக்காய்யா உனக்கு?"

"வைக்கோலப் போட்டு மூடுவோம். அடுப்புப் பக்கத்துல வைப்போம்."

"இவ்வளவு கிண்ணத்தையும் அடுப்புப் பக்கத்துல வெச்சுட்டு நாம எங்க படுக்குறது? ஆத்துலயா?"

"ஒடச்சது நான்டி."

"சொல்லாதது நாங்க," என்றாள் மெய்யுன்.

ஃபாங் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல கூட்டம். ஒருத்தர் ஒடைக்கிறாரு, ஒருத்தி ஒளிக்கிறா, என் கிண்ணம் பனியில நிக்குது." பலகையை டமாரென்று வைத்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த சூளைச் சாமி படத்தைக் காட்டினாள். "அங்க பாத்துச் சொல்லு."

மெய்யுன் படத்தைப் பார்த்துச் சொன்னாள்: "வசந்தத்துல முதல் சூட்டுல எங்க ஆறு அடுக்கும் பெங் அண்ணனுக்கு."

"அண்ணனுக்குன்னா அண்ணன் இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துரும். எனக்குன்னும் சேத்துச் சொல்லு."

"மதினிக்கும்."

மெய்யுன் மறுபடி முக்கினாள். இந்தமுறை கென்ஷெங் முகத்தைத் திருப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல இன்னும் கொஞ்சம் நிக்கட்டும், இத அப்படியே கவுத்து வை" என்று சொல்லிக்கொடுத்தான். ஜியாங் கிழவர் முணுமுணுத்தார். பெங்கே போய் மீன் பெட்டிகளைத் தன் இடத்தில் ஏற்றிக் கொடுத்து, "மெருகு மேலதான் குத்தம், உன் நெருப்பு மேல இல்லன்னு நானே தெருவுல சொல்றேன். போதுமா?" என்றபிறகு துளைக்குள் துப்பிப் பார்க்க உட்கார்ந்தார்.

திறந்த அன்று கென்ஷெங் போனான். பெட்டியைத் தூக்கினான். மீன்கள் நன்றாக அரித்திருந்தன. சில இடங்களில் அரிசி அளவு, சில இடங்களில் வெறும் ஊசிக்குத்து. வால் நுனியிலும் முதுகிலும் நீலத்தின் ஓரத்தில் வெள்ளை மண் பல்லைக் காட்டியது. தெரு கூடிவிட்டது.

"எலி இன்னும் சாகலையா கென்ஷெங்?"

"குட்டி போட்டிருக்கு," என்றான் கென்ஷெங்.

ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைக்கோலில் வைத்தான். அவசரப்படவில்லை, மறைக்கவும் இல்லை. அவன் அரித்த தட்டை அத்தனை பதமாக எடுப்பதைப் பார்த்ததும் சிரித்தவர்களுக்குச் சிரிப்பு நின்றுபோனது. பெங் பக்கத்தில் கைகட்டி நின்றார். ஒரு மீனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு பாத்தாலும் எனக்கு ஒடைக்கணும்னுதான் தோணுது," என்றார்.

"குடுங்கண்ணே," என்று கென்ஷெங் வாங்கிக்கொண்டான்.

ஹூ ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கட்டவைத்தார். நன்றாக வந்துவிட்ட சிலவற்றைக் கழித்துவிட்டார். படகு போனது. கொட்டகை இவர்களுக்கே என்று படகில் ஏறும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார். மெய்யுன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப்பிறகு குளிர் இறங்கியது. தொட்டிகளில் குழம்பு தோல் போட்டு உறைந்தது. கொட்டகைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தோம். பெங் கிண்ணங்களை வைக்கோலுக்குள் வைத்து, மேலே கோணி, அதற்கு மேலே தன் குளிர் அங்கியையும் போட்டிருந்தார். கென்ஷெங் விறகு கொண்டுபோய்ப் போட்டான். இரண்டு ஆண்களும் மாறி மாறி அடுப்பு காத்தார்கள். புது வருஷத்தை ஒட்டி வந்த பனியில் ஆற்றோரம் பாளம் கட்டியது. காலையில் ஃபாங் கோணியைத் தூக்கினாள். கிண்ணங்கள் நின்றபடியே இருந்தன. ஒன்றைத் தொட்டாள். இரண்டாகப் பிரிந்தது. அடுத்ததும். ஈரம் உள்ளேயே உறைந்து வெடித்திருந்தது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. எல்லாவற்றையும் கூடையில் அள்ளி மண்குழியில் கொட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் விற்க பெங்கிடம் சாமான் இல்லை. விற்காமல் மண் வாங்க முடியாது, கொட்டகை வாடகையும் கொடுக்க முடியாது. அவர் கொட்டகைக்கு அரசாங்கச் சூளையில் வேலை செய்த ஒருத்தன் வந்தான். பெங்கும் ஃபாங்கும் ஆற்றின் மேல்பக்கம், தண்ணீர் உலக்கைகள் கல்லை இடித்து மாவாக்குகிற இடத்துக்குக் கூலிக்குப் போனார்கள்.

முதல் சூட்டுக்குப் பெட்டி ஏற்றுவதற்கு முன்னால் கென்ஷெங் அங்கே நடந்து போனான். மழை தூறியது. உலக்கைச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. பெங் தலையிலிருந்து கால்வரை வெள்ளை மாவாக நின்றார்.

"அண்ணே, ஆறு அடுக்கு வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"உங்களுக்கு. சொன்னதுதான்."

பெங் சுற்றிலும் பார்த்தார். "அதுக்குள்ள எத வைக்கச் சொல்ற? இந்த உலக்கையவா?"

"நான் கிண்ணம் செஞ்சு தர்றேண்ணே. உங்க பேருல வைப்போம்."

"நீயா? நீ வளையம் போட்டா பாம்பு ஓடுன மாதிரி இருக்கும். எம் பேரக் கெடுக்காத."

"அப்ப எங்கூட வந்து வேலை செய்யுங்க."

"வந்தா? நீ எனக்குத் தர வேண்டியதையே எனக்குக் கூலியா குடுப்ப. நான் அதையும் வாங்கிட்டுக் கும்பிடு போடணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் கசப்பு இருந்ததா என்று மாவுக்குள் தெரியவில்லை. "எனக்கு ஒரு கொட்டகை கெடைக்கட்டும். கிண்ணம் காயட்டும். அப்ப வந்து கேக்குறேன். அதுவரைக்கும் அந்த ஆறு அடுக்க மறந்துராத, அவ்வளவுதான்."

"மதினி என்ன சொல்றாங்க?"

"அவ எங்கிட்டயே பேசல. உங்கிட்ட எங்க பேசப் போறா."

ஃபாங் கொஞ்ச தூரத்தில் சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தாள். கென்ஷெங் நின்று பார்த்தான். அவள் நிமிரவில்லை.

சூளையில் இடத்தைக் காலியாக விடமுடியாது. நடுவில் ஓட்டை விழுந்தால் நெருப்பு வழிமாறி எல்லார் சாமானும் கெடும். ஜியாங் கிழவர், நீ வைக்கிறாயா, வேறு ஆளுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். ஹூவிடமிருந்து மறுபடி மீனுக்கு ஆள் வந்திருந்தது. கென்ஷெங் அந்த ஆறு அடுக்கிலும் மீன்களையே வைத்தான். அதற்கு அடுத்த முறையிலும் அதுதான் நடந்தது.

பெங்குக்கு இன்னும் கொட்டகை கிடைக்கவில்லை. சூளையின் நடுவில் ஆறு அடுக்கு, ஒரு சூட்டுக்கு. பெங் தாகுய்க்கும் ஃபாங்குக்கும் கென்ஷெங் வீட்டார் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.